குரூப் பொருந்தினால் மட்டும் போதாது
ரத்தம் ஏற்றும் முன், தானம் வந்த ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்ப்பதுதான் கிராஸ்மேட்ச். "குரூப் தெரிந்தால் போதும், கிராஸ்மேட்ச் வீண் தாமதம்" என்று சொல்வது தவறு, ஆபத்தானதும்கூட. ஏபிஓவும் (ஏ, பி, ஓ வகை) ஆர்எச்சும் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தினாலும், முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் கர்ப்பம் தரித்த பெண்களிடமும் கெல், டஃபி, கிட் போன்ற ஆன்டிஜென்களுக்கு (சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் பொருள்கள்) எதிரான ஆன்டிபாடி, அதாவது அவற்றைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம், இருக்கலாம். அதைப் பிடிக்கத்தான் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) தானம் வந்த சிவப்பணுக்களோடு 37 டிகிரியில் வைத்து, கழுவி, ஆன்டி-ஹியூமன் குளோபுலின் (அணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டிக்கொடுக்கும் திரவம்) சேர்த்துப் பார்க்கிறார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். உயிர் போகும் நெருக்கடியில் ஓ நெகட்டிவ் சிவப்பணு தருவார்கள். அப்போதும் ஏற்றுவதற்கு முன்பே நோயாளியின் ரத்த மாதிரி எடுத்துவிட வேண்டும்.

குரூப் மாறி ஏற்றும் விபத்துக்கு முக்கியக் காரணம், ஆளைச் சரிபார்ப்பதில் நடக்கும் பிழை. ரத்த மாதிரிக் குழாயில் பெயரை முன்கூட்டியே எழுதி வைப்பது, நோயாளியிடம் "நீங்கள் இன்னாரா?" என்று கேட்பது இரண்டும் கூடாது. பெயரை அவரே சொல்லட்டும். கைப்பட்டையோடு ஒப்பிட்டு, படுக்கையருகிலேயே லேபிள் எழுத வேண்டும். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நர்ஸ் பக்கத்தில் இருப்பது கட்டாயம். காய்ச்சல், நடுக்கம், இடுப்புவலி வந்தால் உடனே நிறுத்தி, ஊசியை எடுக்காமல் புதுக் குழாய் மாட்டி, நார்மல் சலைன் (உப்புநீர்) ஓட விடவேண்டும். பையைத் தூக்கி எறியாதீர்கள், அது ரத்த வங்கிக்குத் திரும்பப் போகவேண்டும்.

பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். வழக்கமான பைகளுக்கு 20 முதல் 24 டிகிரியும் இடைவிடாத அசைவும் தேவை. 2 முதல் 6 டிகிரி என்பது சிவப்பணுக்களுக்கு.