ஓர் எல்போவுக்கு ஒழுங்காகப் பசை பூச நேரமில்லையா?

மூன்று நாளாக மனம் ஆறவில்லை. எழுதிக் கொட்டினால்தான் இன்றைக்காவது கண் மூடும்.

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். கீழேயிருந்து ஒரு சத்தம், பீலியில் மழை கொட்டுகிற மாதிரி. ஆனால் வெளியே மழை விட்டிருந்தது. கீழ்த்தளப் படிக்கட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் கடைசி இரண்டு படிகளைக் காணவில்லை. கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது, அதன்மேல் பெயிண்ட் வாளி மூடியும் மகனின் ஒற்றைச் செருப்பும் மிதக்கின்றன. மூலையில் 2 அடித் திண்டின்மேல் பம்ப் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே எல்போ (பைப்பை வளைத்துத் திருப்பும் மூட்டு) கழன்ற பைப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டுச் சுவரில் அடிக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. காணி சின்னது, அதனால் சாமான் போட நிலத்துக்கு 8 அடி கீழே ஒரு பெரிய அறை கட்டினோம். முற்றத்தில் பழைய கிணறு. குழாய்த் தண்ணீர்க் கட்டணம் 2022இலும் 2023இலும் ஏறிய பிறகு குளிக்க, துவைக்க, மரத்துக்கு ஊற்ற என்று எல்லாவற்றுக்கும் கிணற்றையே நம்பி ஒரு பிரஷர் பம்ப் வாங்கினோம். இந்த ஊரில் எத்தனையோ பேர் இதைத்தான் செய்தார்கள், அதில் பிழை இல்லை. பிழை, அந்தப் பம்பைக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்தில் வைத்தது. "முற்றத்தில் வைத்தால் சத்தம், களவும் போகும், கீழே வையுங்கோ" என்று வேலைக்கு வந்தவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம்.

பிரஷர் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பைப்பில் அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடத் தொடங்கும், அழுத்தம் ஏறினால் நிற்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் குளிக்கிறீர்களா, பைப் வெடித்துவிட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? பைப் கழன்றால் அழுத்தம் ஏறவே ஏறாது, ஆகவே பம்ப் நிற்கவே நிற்காது. வீட்டில் ஒருவர் கண்விழிக்கும்வரை, அல்லது கரண்ட் போகும்வரை, அல்லது கிணறு வற்றும்வரை. மழைக்காலத்தில் கொழும்பில் கிணறு எங்கே வற்றுகிறது!

நான் முதலில் மேலே ஓடி மெயின் சுவிட்சை நிறுத்தினேன். இதை மட்டும் ஒவ்வொருவருடைய கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மகன் "அம்மா, என்ட சைக்கிள்" என்று கத்திக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் காலை வைக்கப் போனான். பிளக் பொயிண்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. 230 வோல்ட். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று அதை நம்பிப் பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்க முடியுமா? அவன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சரி, கரண்டை நிறுத்தியாயிற்று, பம்ப் நின்றது, இனித் தண்ணீரும் நிற்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்கவில்லை. பீறிடுவது குறைந்ததே தவிர, அந்தப் பைப் வாயிலிருந்து கையளவுத் தண்ணீர் ஒரே சீராக வழிந்துகொண்டே இருந்தது. பம்ப் ஓடவில்லை, வீட்டில் கரண்டே இல்லை, தண்ணீர் வருகிறது! பேய் பிடித்த மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார், பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு கிழமை பெய்த மழையில் கிணற்று நீர்மட்டம் நிலத்திலிருந்து 3 அடி கீழே வரை ஏறியிருக்கிறது. எங்கள் எல்போ இருந்த இடமோ நிலத்திலிருந்து 5 அடி கீழே. பைப் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருப்பதால், மேலே இருக்கும் கிணறு கீழே இருக்கும் அறைக்குள் தானாகவே இறங்குகிறது, பீப்பாயில் ரப்பர் குழாய் விட்டு எண்ணெய் இறக்குவோமே, அதே மாதிரி. கிணற்றுக்குள் பைப்பின் அடி நுனியில் பூட் வால்வு இருக்கிறதே என்றேன். "அது தண்ணி திரும்பிக் கிணத்துக்குள்ள போகாம மறிக்கும் பிள்ளை, வெளியில வாறதை மறிக்காது" என்றார். கிணற்றடியில் ஒரு வால்வு போட்டிருந்தால் அதைத் திருகி மூடிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். போடவில்லை. சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கவா, மறதியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் அவர்தான் இரும்பு வாள் எடுத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வரும் பைப்பை அறுத்தார். காற்று உள்ளே போகும் சத்தம் 'ஸ்ஸ்' என்று கேட்டது, கீழே தண்ணீர் நின்றது.

விடிந்த பிறகு அந்த எல்போவைத் தேடி எடுத்தேன். இப்போது மேசையில் எனக்கு முன்னால் இருக்கிறது. உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு பாதியில் பசை காய்ந்து மஞ்சளாகச் சொரசொரவென்று இருக்கிறது. மற்றப் பாதி கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே வழுவழுவென்று மின்னுகிறது. அந்தப் பக்கம் பிரஷ் படவே இல்லை! பைப்பின் வெளிப்பக்கமும் எல்போவின் உட்பக்கமும் சுற்றிவரப் பூசி, உள்ளே தள்ளும்போது கால் சுற்றுத் திருகி, கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்து, பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். பசை டின்னிலேயே எழுதியிருக்கிறது. வந்தவர் ஒட்டிக் கால் மணித்தியாலத்தில் பம்பைப் போட்டுக் காட்டி, "பாருங்கோ அக்கா, தண்ணி வருது" என்று காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்கு ஓடினார். பைப்பைச் சுவரோடு பிடிக்க ஒரு கிளிப்கூட அடிக்கவில்லை. பம்ப் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பைப் உதறும். அந்த உதறல் முழுவதும் பாதிப் பசையில் நின்ற எல்போவுக்குத்தான் போனது.

இரண்டு கிழமையாகப் பம்ப் 'டக் டக்' என்று நொடிக்கு நொடி விழுந்து எழும்பிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். பம்போடு சேர்ந்த பிரஷர் தாங்கியில் காற்று இறங்கினால் அப்படித்தான் செய்யுமாம். குழாயைத் திறந்தவுடன் ஓடும், உடனே நிற்கும், திரும்ப ஓடும். காற்று அடித்தால் சரியாகும், உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பூட்டியவர்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அது அப்பிடித்தான் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றார்கள்.

எல்போவைக் காட்டியபோது பம்ப் பூட்டியவர் சொன்ன பதில் இது: "பைப் எண்டா எப்பவாவது கழரும்தானே அக்கா. புதுசா ஒண்டு போட்டுத் தாறன்."

எப்பவாவது கழருமா? கழரும் என்று தெரிந்தால் அதைக் கழரும் இடத்தில், நிலத்துக்கு 8 அடி கீழே, தண்ணீர் வெளியேற ஓட்டையில்லாத அறைக்குள் ஏன் கொண்டுபோய் வைத்தீர்கள்? அதைத் தடுக்க ஏன் ஒன்றுமே செய்யவில்லை?

எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 40 லீற்றர் தள்ளும். ஒரு மணித்தியாலத்துக்கு 2,400. ஐந்து மணித்தியாலத்துக்கு 12,000. கூரைமேல் வைக்கும் 1,000 லீற்றர்த் தாங்கி 12 என்று நினைத்துப் பாருங்கள். 15 அடிக்கு 20 அடி அறையில் அது முழங்கால் உயரம். வெள்ளம் என்றால் இந்த ஊரில் எல்லோரும் களனி கங்கையைத்தான் நினைப்பார்கள். 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தைப் பார்த்தோம். அதற்கெல்லாம் முன்கூட்டியே எச்சரிக்கை வரும், சாமானை மேலே தூக்கலாம். எங்கள் வீட்டுக்குள் எங்கள் கிணறே புகுந்ததற்கு யார் எச்சரிக்கை தருவது?

எனக்கு வயிறு எரிவது இதில்தான். இதைத் தடுக்கும் சாமான் பெட்டிக்கடைச் சந்தியிலிருக்கும் ஹாட்வெயாரில் தொங்குகிறது. கூரைத் தாங்கி நிரம்பினால் பம்பை நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச் போடுவோமே, வயரில் தொங்கும் அந்தக் குண்டு, அதையே கீழ்த்தள நிலத்தின் பள்ளமான மூலையில் கட்டி, தண்ணீர் 4 அங்குலம் ஏறினால் பம்புக்குக் கரண்ட் போகாதபடி எலக்ட்ரீசியனைக் கொண்டு இணைத்தால் போதும். 17 அங்குலம்வரை ஓடிய பம்ப் 4 அங்குலத்திலேயே நின்றிருக்கும். அதற்குப் பிறகும் கிணற்றிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரை மூடக் கிணற்றடியில் ஒரு வால்வு. முடிந்தால் அறையின் மூலையில் ஒரு கிடங்கு வெட்டி அதற்குள் தண்ணீரை வெளியே தள்ள ஒரு சின்னப் பம்ப். வீட்டைப் பூட்டி இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது பம்ப் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவது, இதற்குக் காசே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பம்பையே நிலத்துக்கு மேல், கிணற்றடியில் ஒரு சின்னக் கூண்டுக்குள் வைத்திருந்தால், எல்போ கழன்றாலும் தண்ணீர் முற்றத்தில் ஓடிக் கானுக்குள் போயிருக்கும், காலையில் எழும்பித் திட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்போம்.

எங்கள் வீட்டுப் படம் கீறியவர், கட்டியவர், பம்ப் விற்றவர், பூட்டியவர், இத்தனை பேர் காசு வாங்கினார்கள். ஒருவர் வாயிலிருந்தும் இதில் ஒன்றுகூட வரவில்லை.

அம்மாவின் தையல் மெஷின் கீழேதான் இருந்தது. நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் போனது அம்மா அதில் தைத்த சட்டையில்தான், எங்கள் பீஸ் கட்டியதும் அதில் அவர் தைத்த மற்றவர்களின் சட்டைகளில்தான். இரும்பு துடைத்து எண்ணெய் விட்டால் பிழைக்கும் என்கிறார்கள். மரப்பலகை ஊதிப் பிளந்துவிட்டது. லாச்சியைத் திறக்க முடியவில்லை, உள்ளே நூல்கட்டைகள் அப்படியே இருக்கின்றன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முற்றத்தில் வெயிலில் வைத்துத் துவாயால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பம்ப் இனிக் கீழே போகாது. கிணற்றடியில் சீமெந்துத் திண்டு கட்டி முடிந்துவிட்டது, வால்வு நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன், இந்தத் தடவை பசை பூசும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

இதை எழுதும்போது இரவு பதினொன்று. பக்கத்து வீட்டுப் பம்பும் கீழ்த்தளத்தில்தான், அவர்களும் அதே ஆளைக் கொண்டு பூட்டியவர்கள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் 'டக் டக்' என்று கேட்கிறது. நேற்றுச் சொன்னேன், "பாப்பம்" என்றார்கள். விளக்கு இன்னும் எரிகிறது, எல்போவைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.