சாதியாத்: மணல்மேட்டைத் தொடாமல் விட்ட கடற்கரை

வளைகுடா நாடுகளின் கடற்கரைச் சொகுசு விடுதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறையின் விசாலத்தையும், காலை உணவின் வகைகளையும், நீச்சல்குளத்திலிருந்து தெரியும் காட்சியையும்தான் எழுதுகிறார்கள். அபுதாபியின் சாதியாத் தீவில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்திருக்கும் எனக்கும் அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், கொடுத்த பணத்துக்கு உண்மையிலேயே அங்கே கிடைத்தது என்ன என்று கேட்டால், கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே தொடாமல் விட்டுவைத்திருக்கும் மணல்மேடுகளைத்தான் சொல்வேன். வளைகுடாவில் இனி எழும் ஒவ்வொரு கடற்கரை விடுதிக்கும் இதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாதியாத், அபுதாபி நகரத்தை ஒட்டிக் கிடக்கும் இயற்கையான தீவு. 2017இல் திறக்கப்பட்ட லூவர் அபுதாபி அருங்காட்சியகத்தால் உலகம் முழுவதும் பெயர் தெரிந்த இடம். அதன் வடமேற்குக் கரையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்கு வெண்மணல் பரந்து கிடக்கிறது. விடுதியிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் மணல்மேட்டின் மீது நடக்க முடியாது. தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மரநடைபாதை வழியாகத்தான் போக வேண்டும். அதில் நின்று கீழே குனிந்து பார்த்தால், காற்று வரைந்த வரிகள் கலையாமல் கிடக்கின்றன. உப்பைத் தாங்கி வளரும் சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட புதர்கள், ஒவ்வொன்றும் தன் காலடியில் ஒரு கைப்பிடி மேட்டைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் பல்லியோ ஓணானோ வாலை இழுத்துக்கொண்டு போன கோடு தெரிகிறது. ஷமால் எனப்படும் வடமேற்குக் காற்று வீசும்போது அலை மணலை அரித்துக்கொண்டு போகும்; அப்போது கரைக்கு மணலைக் கொடுப்பவை இந்த மேடுகள்தான். மேட்டைச் சமன் செய்துவிட்டுக் கட்டடத்தைக் கடலோரம் கொண்டுபோய் நிறுத்தினால், பிறகு ஆண்டுதோறும் மணலை விலைக்கு வாங்கிக் கொட்ட வேண்டியதுதான்.

மேடுகளைவிட முக்கியமான விருந்தாளி ஒன்று இந்தக் கரைக்கு வருகிறது. அழுங்காமைகள் இங்கே முட்டையிடுகின்றன. மிக மோசமான அழிவு அபாயத்தில் இருக்கும் உயிரினம் என்று உலகப் பட்டியலில் 1996 முதல் இடம்பெற்றிருக்கும் ஆமை இது. பெரும்பாலும் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை, இரவில், தாய் ஆமை கரையேறிக் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து வெளிவரும் குஞ்சுகள், எந்தத் திசையில் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அந்தத் திசை கடலாக இருக்கும். விடுதியின் விளக்குகள் கடலைவிடப் பளிச்சென்று எரிந்தால், குஞ்சுகள் தோட்டத்துக்குள்ளும் சாலைக்கும் வந்து செத்துப்போகும். ஆகவே கரையை நோக்கிய விளக்குகளைத் தாழ்வாகவும் மங்கலாகவும் வைத்திருக்கிறார்கள். அந்த இருட்டுக்காகவே நான் அந்த விடுதியைப் பாராட்டுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் கரையில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர், இராமநாதபுரம் பக்கத்தவர், சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் உள்ளே அடுக்கினார். பிறகு மண்வெட்டியோடு வந்து, பிள்ளைகள் பகலில் தோண்டியிருந்த குழிகளைத் தூர்த்து, மணல் கோட்டைகளைக் காலால் சமன் செய்தார். “ராத்திரி ஒரு நாற்காலிகூட வெளியே கிடக்கக் கூடாதுண்ணே. ஆமை வந்து முட்டிக்கிட்டா முட்டை போடாமத் திரும்பிரும்” என்றார். அங்கே ஆமையைக் காப்பது, இப்படி அன்றாடம் முதுகு வளைத்துச் செய்யும் வேலைதான். விடுதிகளின் விளம்பரப் படங்களில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு இடமில்லை என்பது எனக்கு வருத்தமே.

துபாயின் செயற்கைத் தீவான பாம் ஜுமேராவை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2001இல் தொடங்கிய அந்தப் பணியில், பாலைவன மணல் காற்றில் உருண்டு வழவழப்பாகிவிட்டதால் உதவாது என்று, கடலடியிலிருந்து 9 கோடி கன மீட்டருக்கும் மேல் மணலை உறிஞ்சிப் பீய்ச்சித் தீவை எழுப்பினார்கள். சுற்றிலும் 11 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர். உள்ளே நீர் தேங்கிக் கெட்டுவிடும் என்று தெரிந்ததும் அதிலேயே இடைவெளிகள் விட வேண்டியதாயிற்று. பொறியியலாகப் பார்த்தால் பெரும் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் தோண்டிய இடத்திலும் கொட்டிய இடத்திலும் கடலடியில் வாழ்ந்தவை என்ன ஆகும் என்பதற்கு எந்தச் சாதனையும் பதிலாகாது. 2008 நிதி நெருக்கடியில் முடங்கிய, இதே போன்ற இன்னொரு செயற்கைத் தீவான பாம் ஜெபல் அலி திட்டத்தை 2023இல் மறுபடியும் கையில் எடுத்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

ஏனென்றால் இந்த வளைகுடாக் கடல் மேலும் தாங்காது. சராசரி ஆழம் 35 மீட்டர்தான். ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாசல். கோடையில் மேற்பரப்பு நீரின் வெப்பமே 35 பாகை செல்சியஸை எட்டுகிறது. விடுதியில் குளிக்கிற, குடிக்கிற நீர் எல்லாம் இதே கடலைக் காய்ச்சியோ வடித்தோ எடுப்பது. மிஞ்சும் உப்புக் கரைசல் திரும்பக் கடலுக்கே போகிறது. 2017 கோடை வெப்பத்தில் அபுதாபிப் பவளத்தில் முக்கால் பங்கு அளவுக்கு அழிந்துவிட்டது. அழுங்காமை மேய்வதோ அந்தப் பவளப்பாறைகளில் வளரும் கடற்பஞ்சுகளை. மணலின் சூடு கூடக் கூட முட்டைகளில் பெண் குஞ்சுகளே அதிகமாகும் என்பது இன்னொரு சிக்கல். இத்தனைக்கும் நடுவில், முட்டையிடக் கரையையாவது விட்டுவைப்பது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்தபட்சம்.

சாதியாத்திலும் எல்லாம் சரியாக இல்லை. மணல்மேட்டை இவ்வளவு மதிக்கிறவர்கள் அதன் பின்னாலேயே பசும்புல்வெளி வளர்த்து, கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது பொருந்தவில்லை. தண்ணீர் அதிகம் கேட்காத காஃப் மரம் (நம் ஊர் வன்னி மரம்) ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். அதன் நிழல் போதும். ஆமைகளைப் பற்றி அறையில் இருந்த சிறு அட்டையில்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்; முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள், விடுதியைத் தேர்வு செய்யும் முன், கடலோர விளக்குகள் இரவில் அணைகின்றனவா, நாற்காலிகள் உள்ளே எடுக்கப்படுகின்றனவா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அங்கே தங்கும்போது இருட்டியதும் கடல் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், கைப்பேசி விளக்கோடு கரையில் இறங்காதீர்கள், பிள்ளைகள் தோண்டிய குழியை அவர்களையே மூடச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்புங்கள்.