அக்கரையும் இதே ஊர்தான்

எல்லோரும் பகிர்ந்துவரும் அந்தப் பயணக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கோர்லிட்ஸை, இக்கரையில் அழகான ஜெர்மன் நகரம், அக்கரையில் மலிவான பெட்ரோலும் சிகரெட்டும் விற்கும் போலந்துக் கடைத்தெரு என்று அதில் சொல்லி முடித்ததை, இந்த மாவட்டத்தில் வாழும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்கரையும் இதே ஊர்தான். நைசே, 1945 வரை ஊருக்குள் ஓடிய ஆறு. போருக்குப் பின் அதுவே நாட்டெல்லையானபோதுதான் கிழக்குக் கரை ஸ்கோஜெலெட்ஸ் என்ற போலந்து நகரமாயிற்று. செருப்புத் தைத்துப் பிழைத்த ஞானி யாக்கோப் பேமே வாழ்ந்த வீடு அக்கரையில் நிற்கிறது. 1624இல் இறந்த அவருடைய கல்லறை இக்கரையில் இருக்கிறது. வடக்கே பாட் முஸ்காவில் இளவரசர் ப்யூக்லர் அமைத்த பூங்காவின் பெரும்பகுதி இன்று போலந்தில் உள்ளது. யுனெஸ்கோ 2004இல் இரு கரைகளையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எங்கள் கீழ்வீட்டு மூதாட்டி அக்கரையில் பிறந்து, எல்லை மாறியபோது வீட்டை விட்டு, குழந்தையாக இங்கே வந்தவர். அவருடைய நெருங்கிய தோழி ஸ்கோஜெலெட்ஸில் வாழும் போலந்துப் பெண்மணி. அந்தத் தோழியின் பெற்றோரும், சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்ட கிழக்குப் போலந்தில் வீடுவாசலை விட்டு வந்தவர்கள்தாம். இவர்கள் இருவருடைய வாழ்க்கையும் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் அடங்கிவிடுமா?

இழந்த நிலத்தை ஜெர்மனிக்குத் திருப்பிக் கேட்கிறாயா என்று சிலர் வருவார்கள். இல்லை. கிழக்கு ஜெர்மனி 1950இல் இந்த எல்லையை ஏற்றுக் கையெழுத்திட்டதே ஸ்கோஜெலெட்ஸில்தான். 1990இல் ஒன்றுபட்ட ஜெர்மனியும் அதை உறுதிசெய்தது. எல்லையை நான் மறுக்கவில்லை, ஊரின் பாதியை இழிவாகப் பேசுவதைத்தான் மறுக்கிறேன். விலை மலிவு என்பது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான், நானும் அங்கே வாங்குகிறேன். அதனால் அது வெறும் கடைத்தெரு ஆகிவிடாது.

1945 மே 7 அன்று ஜெர்மன் படையே தகர்த்த பழைய நகரப் பாலத்தின் இடத்தில் மறுபடி ஒரு பாலம் எழ 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இன் இறுதியில் எல்லைச் சோதனை நீங்கியபோது மக்கள் பெருமூச்சு விட்டார்கள். 2023 அக்டோபரில் ஜெர்மனியும் 2025 ஜூலையில் போலந்தும் சோதனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டன. வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் பாலம் கடப்பவர்கள் மறுபடி விசாரிக்கப்படும் இந்த நேரத்திலா அவர்களைப் பார்த்துச் சிரிப்பது? காணொளியின் விளக்கத்தில் 1945இல் நடந்ததை இரண்டு வரியாவது சேருங்கள். அதுவரை அதை எனக்கு அனுப்பாதீர்கள்.