பயிற்சி வகுப்பால் மட்டும் தீராது
ஆஸ்திரேலியப் பூர்வகுடி முதியோருக்கான இல்லங்களில் ஊழியர்களுக்குப் பண்பாட்டுப் பயிற்சி அளித்தாலே பெரும்பாலான குறைகள் தீர்ந்துவிடும் என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய முதியோரில் பலர், 1970கள் வரை நீடித்த அரசுக் கொள்கைகளால் சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் கிறித்தவ மிஷன் குடியிருப்புகளிலும் வளர்க்கப்பட்டவர்கள். பூட்டிய கதவும் வரிசையில் நின்று வாங்கும் உணவும் அவர்களுக்குள் எழுப்பும் அச்சத்தை ஊழியரின் கனிவு மட்டும் போக்கிவிடாது. சேவையை யார் நடத்துகிறார்கள், எந்த மண்ணில் நடத்துகிறார்கள் என்பதே முதன்மையான கேள்வி. மேற்குப் பாலைவனத்தின் பிண்டுபி மக்கள், டயாலிசிஸ் சிகிச்சைக்காக ஊரையும் உறவையும் விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் தங்க நேர்ந்தபோது, 2000ஆம் ஆண்டில் தம் ஓவியங்களை ஏலத்தில் விற்றுப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள். தாங்களே வழிநடத்தும் அமைப்பொன்றை உருவாக்கி, 2004இல் தங்கள் ஊரான கின்டோரிலேயே அச்சிகிச்சையைத் தொடங்கச் செய்தார்கள். மூத்தவர்கள் ஊரில் இருந்தால்தான் பேரப்பிள்ளைகளுக்கு நிலத்தையும் சடங்கையும் கற்பிக்க முடியும் என்பதே அவர்கள் சொன்ன காரணம், எனக்கு அதுவே மிகவும் முக்கியமாகப் படுகிறது. பர்ப்பிள் ஹவுஸ் என அறியப்படும் அந்த அமைப்பு இன்று முதியோர் பராமரிப்பையும் மரபு மூலிகை மருந்துத் தயாரிப்பையும் சேர்த்தே செய்கிறது. மற்றவர்களுக்கு 65 வயது என்றிருக்க, பூர்வகுடியினருக்கு மட்டும் 50 வயதிலேயே முதியோர் சேவை எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாட்பட்ட நோய்களும் மறதி நோயும் அவர்களை முன்கூட்டியே தாக்குகின்றன என்பதால்தான் அந்த வயது வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது, அது சலுகை ஆகாது.