மணி என்ன, யாராவது சொல்லுங்களேன்

மார்ச் இரண்டாம் ஞாயிறு வந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். அமெரிக்காவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாள் அது. ஆனால் எங்கள் அரிசோனா மாநிலம் கடிகாரத்தைத் தொடாது. இங்குள்ள பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நாடு மட்டும் தள்ளி வைக்கும். நியூ மெக்சிகோ, யூட்டா வரை பரந்த மண்ணுக்கு ஒரே நேரம் வேண்டுமே, நியாயம்தான். ஆனால் அதற்கு நடுவே இருக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியினரின் நிலத்தில் மாற்றமே கிடையாது! நவாஹோ பக்கம் இருக்கும் எங்கள் டூபா சிட்டியில் பூசை 10 மணிக்கு. சாலையைத் தாண்டினால் ஹோப்பி ஊரான மோயன்கோபி, அங்கே மணி 9.

கைபேசியோ எந்தக் கோபுரம் சிக்குகிறதோ அதன் நேரத்தைக் காட்டும். நவம்பர் வரை இதே கூத்து. அடக்கப் பூசை 10 மணிக்கு என்று போனில் சொல்வார்கள். "யாருடைய பத்து?" என்று துக்க வீட்டிலா கேட்பது? அரிசோனா நேரத்தில் ஓடும் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்துப் பல் டாக்டரிடம் போக 8 மணிக்குக் கிளம்பினால், ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி, எட்டேகாலுக்கே பூட்டிய கதவின் முன் நிற்கிறேன். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது அறிவிப்புப் பலகையில் 'டூபா சிட்டி நேரம்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன். அதை யாராவது படித்தால்தானே!