இரண்டாவது துளை

1979 ஜூலையில் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒரு கேசட், இரண்டு பேர். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணியும், பெட்டியில் இருக்கும் மைக் வேலை செய்யும், ஹெட்போனைக் கழற்றாமலே இருவரும் பேசிக்கொள்ளலாம். விரலை எடுத்ததும் பாட்டு பழையபடி ஒலிக்கும். சோதனைக்கு வீட்டுக்கு எடுத்துப்போனபோது தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவி வருத்தப்பட்டார், அதனால்தான் இரண்டு பேர் கேட்கும்படி செய்யச் சொன்னேன் என்று சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா பின்னாளில் எழுதினார். அடுத்தடுத்து வந்த மாடல்களில் முதலில் அந்தப் பொத்தான் போனது, பிறகு இரண்டாவது துளையும் போனது.

சில மாதங்களாகச் சின்னக் குழு ஒன்றோடு சேர்ந்து, நண்பர்கள் ஃபோனில் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கான வசதியை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கூடிப் பேசும்போதெல்லாம் முதலில் வரும் யோசனை ஒன்றேதான்: "நண்பர் இப்போ என்ன கேட்கிறார்னு ஸ்க்ரீன்ல காட்டிடலாம்." ஒவ்வொரு முறையும் நான் எதிர்த்துப் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. மனது சரியில்லாத ஒரு இரவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் கூட வேலை செய்யும் ஒருவர், "என்னாச்சு, நேத்து ராத்திரி முழுக்க அதே பாட்டா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் நான் யாரிடமும் சொல்லாததை ஆப் சொல்லிவிட்டது. அந்த செட்டிங் தானாகவே ஆன் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. அதன்பிறகு பல வாரங்கள், பாட்டைத் தொடுவதற்கு முன் யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

நான் கேட்டதை ஊருக்குக் காட்டுவது வேறு, நண்பரோடு உட்கார்ந்து கேட்பது வேறு. இரண்டையும் 'பகிர்தல்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டதால்தான் இத்தனை குழப்பம். 2010இல் ஆப்பிள் தன் பாட்டுச் செயலியான ஐட்யூன்ஸுக்குள் பிங் என்ற சமூக வலைத்தளத்தைத் தொடங்கி, 2012இல் மூடிவிட்டது. பின்தொடர ஆட்கள் இருந்தார்கள், கூட உட்கார யாரும் இல்லை என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்கு முன்பே 2006இல் மைக்ரோசாஃப்டின் சூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவியில், பக்கத்தில் இருப்பவருக்கு வைஃபை வழியாகப் பாட்டு அனுப்ப முடிந்தது. மூன்று முறை கேட்கலாம், அல்லது மூன்று நாள், எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. உரிமைச் சிக்கல் புரிகிறது. ஆனாலும் நண்பர் கொடுத்த பாட்டை நான்காம் முறை கேட்க முடியாது என்பதை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது.

எனக்கு வேண்டியது அந்த ஆரஞ்சுப் பொத்தான். நண்பர் எங்கோ தூரத்தில் இருக்கிறார், இருவர் ஃபோனிலும் ஒரே பாட்டு. நான் அழுத்தினால் இரு பக்கமும் பாட்டு தணிந்து என் குரல் கேட்க வேண்டும். கேட்க எளிது, செய்யும்போதுதான் சிக்கல் தெரிகிறது. வயலின் நுழையும் இடத்தில் "இதோ, இந்த இடம்" என்கிறேன். இரண்டு ஃபோன்களையும் ஒரே கடிகாரத்துக்கு ஒட்டவைத்திருந்தால், என் குரல் நெட்வொர்க்கைத் தாண்டிப் போவதற்குள் அவரிடம் வயலின் தொடங்கி நகர்ந்திருக்கும். குரல் எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு அவருடைய பாட்டையும் பின்னால் தள்ளினால், என் சொல் சரியான இடத்தில் விழும். ஆனால் அவர் பதிலுக்குச் சிரிப்பது எனக்கு இருமடங்கு தாமதமாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் சரியாக அமையாது. பாட்டைக் கொண்டுவந்தவர் முன்னால் போகட்டும், கேட்க வந்தவர் கொஞ்சம் பின்னால் வரட்டும் என்பது என் முடிவு. புதுப் பாட்டைக் காட்டுகிறவருக்குத்தான் 'இந்த இடம்' என்று சொல்லும் தவிப்பு அதிகம்.

இருவரும் ஒரே அறையில் இருந்தால் கணக்கு வேறு. இரண்டு ஃபோன் ஸ்பீக்கர்களுக்கு இடையே 40, 50 மில்லிசெகண்ட் விலகினாலே எதிரொலி போலக் காதில் உறுத்த ஆரம்பிக்கும். ப்ளூடூத் இயர்போன் என்றால் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு அளவில் தாமதிக்கிறது. இதற்கு 2022இல் அறிவித்த ஆராகாஸ்ட் என்ற ப்ளூடூத் ஒலிபரப்பு முறை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஒரு ஃபோனிலிருந்து பக்கத்தில் இருக்கும் எத்தனை இயர்போனுக்கும் ஒலி போகும், இன்டர்நெட்டே வேண்டாம். இரு பக்கக் கருவிகளும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது துளை திரும்பி வந்த மாதிரிதான் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று: நண்பர் வேறு ஆப் வைத்திருந்தால் நான் அனுப்பும் லிங்க் பெரும்பாலும் செத்த லிங்க். ஒலிப்பதிவுகளுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளக் குறியீடு உண்டு. அதை வைத்து அவருடைய ஆப்பிலேயே அதே பதிவைத் தேடி எடுக்கலாம். ஆப் மாறச் சொல்லி நண்பரை வற்புறுத்தும் வசதியில் என் பெயர் இருக்க வேண்டாம்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் வேண்டாம், சேர்ந்து கேட்டதன் பட்டியலும் வேண்டாம் என்று குழுவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் சண்டை, ஒருவர் பாதியில் கிளம்பினால் என்ன செய்வது என்பது. நோட்டிஃபிகேஷன் வர வேண்டும் என்கிறார்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், நண்பர் தன் பக்கத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போவார், அதற்கு மேல் அறிவிப்பு தேவைப்பட்டதில்லை. அதனால் பாட்டின் நடுவில் எதுவும் சொல்லாதே, அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் மெல்லக் காட்டு என்கிறேன். அதுவரை நான் அவரும் கேட்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருப்பேனே, அது ஏமாற்று இல்லையா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளை அதைத்தான் பேசப்போகிறோம். நீங்களாக இருந்தால் எப்போது தெரிய வேண்டும் என்பீர்கள்?