தோள்வலிக்கு மருந்து நீச்சலாம்

நீந்தி நீந்தித் தோள் போய் நிற்கிற ஒருவனிடம், வலி தீர வாரம் மூன்று நாள் நீந்தும்படி அச்சடித்த தாளை நீட்டுகிற துணிச்சல் எங்கள் மதுரையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்தத் தாள் இப்போது என் மேசைமேல்தான் கிடக்கிறது. கண் ஏமாற்றுகிறதோ என்று ஒன்பதாவது வரியைப் பத்து முறை படித்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும் ‘நீச்சல்’ என்றுதான் இருக்கிறது.

இதற்கு முன் ஏறி இறங்கிய மூன்று பிசியோதெரபி நிலையங்களின் கதை வேண்டாம், நீங்களும் ஏறி இறங்கியிருப்பீர்கள். ஒன்றில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மட்டுமே நோயாளிகள், மற்றவர்கள் பொழுதுபோகாமல் வந்தவர்கள். இன்னொன்றில் தோளைத் தொடுவதற்கு முன்பே பத்து நாள் சிகிச்சைக்கு முன்பணம் கேட்டார்கள். மூன்றாவதில், “நாற்பத்து நாலு வயசாச்சு, இனிமே எதுக்கு சார் நீச்சல்?” என்று நோயின் வேரையே பிடுங்கிப் போட்டார்கள்.

நான்காவது இடத்தின் வாசல் பலகையில் ‘விளையாட்டுக் காயங்கள்’ என்று எழுதியிருந்ததை நம்பித்தான் இன்று காலை படியேறினேன். வலது கையை முன்னால் நீட்டித் தண்ணீரைப் பிடிக்கும் கணத்தில் தோளின் முன்பக்கம் சுரீரென்கிறது, இடப்பக்கம் திரும்பி மூச்சு வாங்கும்போது இன்னும் கூடுகிறது, இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பைக்ல ரொம்ப தூரம் போவீங்களா?” என்றார். இல்லை, நீச்சல் என்றேன். “சுகர் இருக்கா?” என்றார். இல்லை, நீச்சல் என்றேன். “தலையணை எத்தனை வச்சுப் படுப்பீங்க?” என்றார். ஒன்று, ஆனால் வலி வந்தது நீச்சலில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீச்சல் உடம்புக்கு நல்லதாச்சே சார், அதுல எப்படி வலி வரும்?”

எப்படி வருமா? நான் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீந்துகிறேன். 25 மீட்டர் குளத்தில் அது 60 நீளம். நீளத்துக்கு 20 கைவீச்சு என்றால் 1200, அதில் வலது கையின் பங்கு மட்டும் 600. வாரத்துக்கு நான்கு நாள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கை தலைக்கு மேலே எழுந்து, உட்புறமாகத் திரும்பி, உடலை இழுத்துப் போகிறது. தோளைச் சுற்றியிருக்கும் ‘ரொட்டேட்டர் கஃப்’ தசைகள் நான்கும் களைத்தாலோ, தோள்பட்டை எலும்பு பிடிமானம் இழந்தாலோ, மேலே இருக்கும் தசைநாண் எலும்புகளுக்கு இடையில் மாட்டி உரசுகிறது. கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-லேயே இதை ‘ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்’, அதாவது நீச்சல்காரர் தோள் என்று எழுதிவிட்டார்கள். அந்த இருவர் பெயரால் ஒரு பரிசோதனையே இருக்கிறது: கையை முன்னால் தோளுயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, முன்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிடம் ஆகாது, கரண்ட் செலவும் இல்லை. ஒருவேளை அதுதான் குறையோ என்னவோ.

ஏனென்றால் அடுத்து அவர் செய்தது கரண்ட் வைத்ததுதான். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. மேலே இரண்டு பொத்தானை அவிழ்க்கச் சொல்லி, ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் காலர் வழியாக உள்ளே செருகினார். ஆகையால் என் முதுகில் தோள்பட்டை எலும்பு இருக்கிறதா, யாராவது கழற்றி வைத்துக்கொண்டார்களா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. “குறுகுறுன்னு இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனவர் இருபது நிமிடம் வரவில்லை. பஞ்சிலிருந்து வடிந்த தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இடுப்புவரை இறங்கியது. இந்த வாரம் என் உடம்பில் பட்ட குளிர்ந்த தண்ணீர் அது ஒன்றுதான். பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த அம்மா, “நீச்சல் அடிச்சா கையி வலிக்குமா தம்பி?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். இத்தனை நாளில் அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மணி அடித்தது, பட்டைகள் வெளியே வந்தன, தாளும் வந்தது. தலைப்பில் ‘தோள் இறுக்கத்துக்கான பயிற்சிகள்’ என்றிருந்தது. என் தோள் இறுகவில்லை, அது தாராளமாகச் சுற்றுவதுதான் பிரச்சினை என்பதைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் சுவரில் விரலேற்றுவது, குனிந்து கையை ஊஞ்சலாட்டுவது, சக்கரம் சுற்றுவது எல்லாம் தாண்டி அந்த ஒன்பதாவது வரியைப் பார்த்தேன். விரலை வைத்துக் காட்டினேன். “அது பொதுவாப் போட்டிருக்கு சார்” என்றார்.

பணம் கட்டும் இடம்வரை அவரே கூட வந்தார். “எங்க பொண்ணு நீச்சல் கத்துக்கணும்னு ஒரே அடம் சார், நீங்க எந்தக் குளத்துக்குப் போறீங்க?” என்று கேட்டார். கோபத்திலும் வழி சொல்லாமல் விட மனம் வராத ஊர் இது. அந்தத் திசையைக் காட்டக் கையைத் தூக்கினேன். தோளுயரம் தாண்டும்போது சுரீரென்றது, “அம்மா” என்று கத்திவிட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தில் முதன்முறையாக அவர் என் கையை உற்றுப் பார்த்தார்.

“ஓ, தூக்கினாதான் வலிக்குதா சார்?”

படியிறங்கித் தெருமுனை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். சிரித்தாலும் தோள் குலுங்கி வலிக்கிறது.